பன்னிரண்டாவது ஆள்

கோபக்காரனுக்கு ஊரில் மரியாதை உண்டு என்று இளம் வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பாறசாலைச் சந்தைப் பக்கம் நான் நடந்தால் நாலு பேர் ஒதுங்கி வழிவிடுவார்கள். முட்டுகிற மாடு வந்தாலும் அதே நாலு பேர் அப்படித்தான் ஒதுங்குவார்கள் என்பது புரிய எனக்கு ஒரு கல்யாணமும் ஒரு போராட்டமும் தேவைப்பட்டன. அந்தப் போராட்டத்தில் நான் செய்த காரியத்தை என் பிள்ளைகள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதி அதைவிட மோசம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். திருவிதாங்கூரில் இருந்த தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம் கூட்டம், ஊர்வலம், மறியல். கூடவே கூடாது என்று இன்னொரு பக்கம். எங்கள் ஊருக்கோ இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். காலையில் தமிழில் கோஷம் போட்டுவிட்டு மத்தியானம் மலையாளத்தில் பேசி மீன் வாங்குவோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சந்தை முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். வாடகைக்கு ஐந்து சைக்கிள், பஞ்சர் ஒட்டு, காற்றடிப்பு. ஒரு நாள் ஒருவர் வாடகைச் சைக்கிளின் ஹாண்டிலை வளைத்துக் கொண்டுவந்து, எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றார். நான் அவர் கையிலிருந்த குடையை வாங்கி, முழங்காலில் வைத்து வளைத்து, இதுவும் நீர் வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். (அவர் எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர் என்பது குடை வளைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

இப்படிப்பட்டவனுக்குக் கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து தங்கபாயைக் கட்டிவைத்தார்கள். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. தூசி பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். அதற்கு அவளும் பக்கத்து வீட்டுச் சாரதா என்ற பெண்ணும் சேர்ந்து சிறுமியாக இருக்கும்போதே ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். சாரதாவின் வீட்டில் யோகாசனம் செய்கிற வழக்கம் இருந்தது. அங்கே பார்த்ததை இருவரும் தங்களுக்கு வேண்டிய மாதிரி எளிதாக்கிக்கொண்டார்கள். விடியற்காலையில் பாயில் நிமிர்ந்து உட்கார வேண்டும். வருகிற மூச்சை வருகிறபடி பார்க்க வேண்டும். போகிற மூச்சை அவசரப்படுத்தாமல் முழுசாகப் போக விட வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துவிட்டு நான் கேலி செய்தேன். சபைக்காரி இப்படி உட்காரலாமா என்று மூப்பரும் வீட்டுக்கு வந்து விசாரித்தார். கர்த்தர் நாசியில் ஊதின மூச்சைத்தானே பார்க்கிறேன், வேறு எதையும் பார்க்கவில்லையே என்று அவள் பணிவாகக் கேட்டாள். மூப்பர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பழக்கத்தில் இன்னொரு துண்டும் இருந்தது. மூச்சு வெளியே போகும்போது மனசுக்குப் பிடிக்காத ஒருவருடைய முகத்தை நினைக்க வேண்டுமாம். பாவம், இவருக்கும் மூச்சு முட்டுகிற நேரம் உண்டே என்று நினைக்க வேண்டுமாம். நீ யாரை நினைப்பாய் என்று கேட்டேன்.

"அது ஒவ்வொரு நாளு ஒவ்வொருத்தராக்கும்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் அதிகமும் உங்களத்தான்," என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ் முன்னால் மறியல் செய்வது என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. பன்னிரண்டு தொண்டர்கள். மறியல் செய்யப்போகிறவர்களின் பெயர்களை முன்கூட்டியே எழுதிப் போலீசிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், எல்லாம் வெளிப்படை. கமிட்டிக்குத் தலைவர் தேங்காய் வியாபாரி தங்கையன் அண்ணன், பன்னிரண்டில் அவரும் ஒருவர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அடித்தாலும் திட்டினாலும் தொண்டன் கை ஓங்கக்கூடாது. ஒரு கை ஓங்கினால் போதும், பன்னிரண்டு பேர் முதுகிலும் லத்தி விழும், பார்க்க வந்த ஊர்க்காரர்கள் மீதும் விழும், மறுநாள் எல்லோரும் நம்மைக் காலிகள் என்பார்கள்.

நான் பெயர் கொடுக்கப் போனேன். தங்கையன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எலே மக்கா, நீ நல்ல பயலாக்கும். உன் கைதான் நல்லதில்ல. போலீஸ்காரன் உன் செவிட்டுல ஒண்ணு வச்சாம்னா என்ன செய்வே?"

"ரெண்டா திருப்பிக் குடுப்பேன்," என்றேன். அதை ஒரு தகுதியாக நினைத்துத்தான் சொன்னேன்.

அதற்காகத்தான் நீ வேண்டாம் என்று பெயர் எழுதுகிற நோட்டை மூடிவிட்டார். எனக்கு அது தாங்கவில்லை. சின்னப் பயல்களெல்லாம் ஜெயிலுக்குப் போகிறார்கள், சந்தையே ஒதுங்கி வழிவிடுகிற நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? மறியலில் உட்கார்ந்தே தீருவது, கை ஓங்காமல் உட்காருவது, அதை ஊர் பார்ப்பது. இந்த மூன்றையும் அன்றைக்கே முடிவு செய்தேன்.

வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும்போது அவளிடம் கேட்டிருக்கலாம். பெண்டாட்டியிடம் பாடம் கேட்பதா என்று ஒரு வீராப்பு. நெய்யாற்றங்கரைக்குப் போய், அட்டை கிழிந்த ஒரு யோகாசனப் புத்தகம் வாங்கிவந்தேன். அதில் பெரிய மீசைக்காரர் ஒருவர் படம் படமாக உடம்பை முறுக்கியிருந்தார். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவது கும்பகம் என்று போட்டிருந்தது. அந்த இடம் எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. என் தொழிலே அதுதானே. காற்றை அடைத்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டியூபில் ஓட்டை. எவ்வளவு நேரம் அடக்குகிறேனோ அவ்வளவு பெரிய யோகி என்று நானே ஒரு அளவு வைத்துக்கொண்டேன். கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, கடையிலேயே பத்மாசனம் போட்டு உட்கார்ந்தேன். காற்றடிக்க வந்தவர்கள் பயந்துபோய்த் தாங்களே பம்பை எடுத்து அடித்துக்கொண்டார்கள்.

தங்கபாய் இரண்டு நாள் பேசாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் மட்டும் ஒன்று சொன்னாள்.

"இது அடக்குற காரியமில்ல. விடத் தெரியணும். நீங்க கோவத்தையும் இப்பிடித்தான் உள்ள பிடிச்சு வச்சு வெடிக்கிறியோ என்னமோ."

உனக்குத் தெரிந்தது இளைப்புக்கு உள்ள மூச்சு, இது போராட்டத்துக்கு உள்ள மூச்சு என்று பதில் சொன்னேன். (அப்போது என் வாயில் அறிவு இப்படித்தான் ஒழுகும்.)

ஆனால் ஒன்று நடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்து யாரையும் திட்ட முடியாது அல்லவா. இரண்டு வாரம் கடையில் சண்டை இல்லை. செய்தி தங்கையன் அண்ணனுக்குப் போனது. அவரே வந்து நின்று பார்த்தார். நான் அரைக்கண் மூடிச் சாந்தமாகச் சிரித்தேன். மனுஷர் மயங்கிவிட்டார். என் பெயரைச் சேர்த்ததோடு விடவில்லை. மற்ற பதினொரு பேருக்கும் இந்த மூச்சைச் சொல்லிக்கொடு மக்கா என்று கேட்டுக்கொண்டார். நோட்டில் என் பெயர் பன்னிரண்டாவது. (பன்னிரண்டு பேர் என்று கேள்விப்பட்டதும், அதில் யூதாஸ் யார் என்று மூப்பர் கேட்டாராம். குடையை அவர் மறக்கவில்லை.)

தென்னந்தோப்பில் பயிற்சி நடந்தது. என் திட்டம் இது: ஆபீஸ் வாசலில் போலீஸ் நெருங்கியவுடன் பன்னிரண்டு பேரும் மல்லாந்து படுத்துச் சவாசனம் செய்வது. உடம்பைத் தளர விட்டு மூச்சை எண்ணிக்கொண்டே கிடக்க வேண்டும். கிடக்கிறவன் கை ஓங்க முடியாது. போலீஸ் என்ன செய்தாலும் கண் திறக்கக்கூடாது, பேசக்கூடாது. நான் "எழும்பு" என்று சொல்கிற வரைக்கும் யாரும் எழும்பக்கூடாது. இதைச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நல்ல திட்டம்தான், இன்றைக்கும் சொல்வேன்.

மறியல் நாளும் வந்தது. முந்திய இரவு சந்தோஷத்தில் எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் விடைபெற வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: தூரமாகப் போகிறவன் வீட்டு வாசலில் வந்து சொல்லிக்கொண்டால் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். ஜெயிலுக்குப் போகிறவன் என்றால் கேட்க வேண்டுமா? முதல் வீட்டில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும். இரண்டாவது வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாயில் அரைத்த சம்மந்தித் துவையலும். மூன்றாவது வீட்டில் பழங்கஞ்சி, தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கு. வேண்டாம் என்றால் அந்த வீட்டைக் குறைவாக நினைத்ததாகப் போய்விடும். மற்றவர்கள் ஒரு வாய் தின்று நழுவினார்கள். நான் யோக மாஸ்டர் அல்லவா, என்னை உட்காரவைத்துப் பரிமாறினார்கள். ஏழு வீடு. யோகாசனத்தை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. கூட வந்த தங்கபாயும் போதும் என்று கண்ணைக் காட்டினாள். நான் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சிரித்தேன்.

ஊர்வலமாகப் போனோம். பின்னால் ஊரே வந்தது. பெண்கள் எங்களுக்காகத் தண்ணீர்க் குடங்கள் கொண்டுவந்தார்கள். அவர்களில் தங்கபாயும் ஒருத்தி. ஆபீஸ் வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். நல்ல மாமர நிழல். மெதுவான காற்று. போலீஸ் வண்டி வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் கேட்டதும் நான் கை காட்டினேன். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மல்லாந்தோம். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. என் நெஞ்சு விம்மியது. மூச்சை எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்பது வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மற்றவர்கள் சொன்னது.

பத்தாவது மூச்சு குறட்டையாக வந்ததாம். முதலில் பதினொரு பேரும் அதைக் கும்பகத்தில் ஒரு உயர்ந்த நிலை என்று நினைத்துக்கொண்டார்களாம். இன்ஸ்பெக்டர் வந்து, உங்களில் தலைவன் யார் என்று மலையாளத்தில் கேட்டார். பேசக்கூடாது என்று சத்தியம் செய்தவர்கள் எப்படிப் பேசுவார்கள்? தமிழிலும் கேட்டார். பதில் இல்லை. குறட்டை மட்டும்தான். கலைந்து போகச் சொல்லி எச்சரித்தார். யாரும் அசையவில்லை; நான் இன்னும் "எழும்பு" சொல்லவில்லையே. தோளைத் தட்டினார்கள், காலால் உரசினார்கள், வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒரு விரல்கூட உயரவில்லை. கடைசியில் கான்ஸ்டபிள்கள் ஒவ்வொருவரையாகத் தலையும் காலும் பிடித்துத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். ஒரு லத்தி வீசப்படவில்லை, ஒரு கல் எறியப்படவில்லை. அந்தப் பதினொரு பேரை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். பயிற்சி கொடுத்தவன் நான். கொடுத்தவன் மட்டும் அங்கே இல்லை.

என்னிடம் வந்த கான்ஸ்டபிளின் பெயர் பாஸ்கரன். பெருங்கடவிளைக்காரன், என் வயதுதான் இருக்கும். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தானாம்.

"சாரே, இயாள் ஒறக்கமா."

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். வழியை மறித்தவனைக் கைது செய்யலாம், தூங்குகிறவனை எந்தக் கணக்கில் கைது செய்வது என்று சொல்லி, இவனை விட்டுவிட்டு வண்டியை எடு என்றாராம். கூட்டம் முழுக்கச் சிரித்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரித்ததில் எங்களுக்குக் கிழங்கு தந்த ஏழு வீட்டுக்காரர்களும் உண்டு.

தங்கபாய் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாளாம். கண்ணை மூடி நின்ற நிலையிலேயே மூன்று மூச்சு விட்டாளாம். (யார் முகத்தை நினைத்திருப்பாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.) பிறகு நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க கையில உள்ள தாளுல பன்னிரண்டு பேரு உண்டு. கெடந்து உறங்குறது என் வீட்டுக்காரராக்கும். அவருக்குப் பதிலு நான் வாறேன்."

பெண்களைக் கொண்டுபோக ஏற்பாடு இல்லை, வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் போய் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லை. கோஷம் போடவில்லை, அழவில்லை. சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் கண் விழித்தபோது முகத்தின் மேல் பச்சையாக ஏதோ கிடந்தது. வாழையிலை. மரநிழல் விலகி வெயில் என் மேல் வந்திருந்தது. யாரோ முகத்துக்கு மட்டும் இலை வைத்திருந்தார்கள். எழுந்து உட்கார்ந்து, முறைப்படி "எழும்பு" என்று கம்பீரமாகச் சொன்னேன். எழும்ப அங்கே யாரும் இல்லை. எதிரே தேநீர் விற்கிற சாயக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டி போயாச்சு மக்கா," என்றார் அவர். "உன் வீட்டுக்காரியும் அதுல உண்டு."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தூசி பட்டால் விசிலடிக்கிற நெஞ்சு அவளுடையது. போலீஸ் வண்டி, செம்மண் ரோடு, லாக்கப். சாயக்கடையில் நின்ற ஒரு சைக்கிளைப் பறித்துக்கொண்டு பறந்தேன். ஸ்டேஷன் ஐந்து மைல். இரண்டு மைல் போனதும் பின் சக்கரம் சீறிப் படுத்தது. இறங்கிப் பார்த்தால் என் கடைச் சைக்கிள், முந்திய நாள் நான் ஒட்டிய பஞ்சர். யோக மாஸ்டர் ஆன பிறகு பசை காய்கிற வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏழு வீட்டுக் கிழங்கும் என்னோடு ஓடியது.

ஓடும்போது மனசு சும்மா இருக்குமா? அவளை அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கேலி பேசியிருப்பார்கள் என்று நினைத்தேன். மூச்சுக் கிடைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், சுற்றி நின்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஸ்டேஷன் வாசலுக்குப் போகும்போது யாரை அடிப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் தங்கபாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது, பக்கத்தில் வெந்நீர் டம்ளர். மறு முனையில் கான்ஸ்டபிள் பாஸ்கரன் தொப்பியை மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். உள்ளே கம்பிக்குப் பின்னால் தங்கையன் அண்ணனும் தொண்டர்களும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவசரம் ஒன்றும் இல்லை, முழுசாக வெளியே போகட்டும் என்று.

பின்னால் தெரிந்த விவரம் இது. வண்டித் தூசியில் அவளுக்கு இளைப்பு பிடித்துவிட்டது. பாஸ்கரன் பதறிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் தன் மூச்சைத் தானே சரிப்படுத்திக்கொண்டாள். டம்ளரைப் பக்கத்தில் வைக்கும்போது அவன் நொடிக்கு நொடி பெருமூச்சு விடுவதைக் கவனித்தாள். என்ன என்று விசாரித்தாள். மறுநாள் இன்னொரு ஊரில் கூட்டம், லத்தியோடு போக வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. அது அவனுடைய அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊர். அத்தான் அந்தப் பக்கத்தில் தமிழ்க் கமிட்டிக்காரர். இரண்டு நாளாக எனக்கு மூச்சே முட்டுகிறது அம்மா என்றிருக்கிறான். அப்படியானால் இப்படி உட்காரும் என்று இவள் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

எனக்கு இது எதுவும் தெரியாதே. என் பெண்டாட்டி, போலீஸ் ஸ்டேஷனில், ஒரு போலீஸ்காரனுக்கு யோகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சைக்கிளைத் தரையில் போட்டேன். சத்தம் கேட்டுப் பாஸ்கரன் கண் திறந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, வெள்ளையாகச் சிரித்து, "ஆ, உணர்ந்நோ?" என்று கேட்டான். விழித்துக்கொண்டீரா என்று கேட்கிறானாம். உள்ளே பதினொரு பேரில் யாரோ களுக் என்று சிரித்துவிட்டார்கள்.

என் கை உயர்ந்துவிட்டது. நான் உயர்த்தவில்லை, அதுவாகவே போயிற்று, எப்போதும் போல.

சிரிப்பு நின்றுவிட்டது. தங்கையன் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. காலையிலிருந்து ஒரு கை உயராமல் காப்பாற்றியதெல்லாம் என் கை நுனியில் தொங்கியது. அறைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் வெளியே வந்தார்கள். தங்கபாய் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மூச்ச விடுங்க," என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, சாயக்கடையில் அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து நான் எதையோ உள்ளே பிடித்து வைத்திருக்கிறேன் என்று. விட்டேன். முதலில் மூச்சு போயிற்று. அதன் பின்னாலேயே, ஏழு வீட்டு மரச்சீனிக் கிழங்கும் சேர்ந்து, என் ஆயுளிலேயே பெரிய ஏப்பமாக வந்தது. வராந்தா ஓட்டில் இருந்த புறா பறந்துபோனது என்று பிள்ளைகள் சொல்வார்கள். புறா பொய். மற்றது உண்மை.

அதோடு கையும் இறங்கிவிட்டது. போலீசும் தொண்டரும் சேர்ந்து சிரித்தார்கள். பாஸ்கரன் நகர்ந்து இடம் விட்டான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"உங்க மூஞ்சியில வெயிலு படாம இல வச்சது இவருதான்," என்றாள் தங்கபாய். "வண்டி எடுத்தப்பம் குதிச்சுப் போய் வச்சிட்டு வந்தாரு. பாத்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தபோது, அதே அளவு பெருமையாகவும் இருந்தது.

அவளை விட்டுவிட்டு என்னைப் பிடியுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினேன். முடியாது என்றார். அவளும் வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். மறுநாள் கோர்ட்டில் பன்னிரண்டு பேருக்கும் பத்து நாள் ஜெயில். திரும்பி வந்தபோது ஊரே மாலையோடு நின்றது. நான் அவளுடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் மூப்பர், சிறையிலிருந்து வந்த சகோதரிக்காக ஸ்தோத்திரம் சொன்னார். அதே மூச்சில், உறங்குகிறவர்களையும் கர்த்தர் நினைத்தருள வேண்டும் என்று ஜெபித்தார். குடைக் கணக்கு அதோடு தீர்ந்தது.

மாநில எல்லைக் கோடு போட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. ஆனால் பாஸ்கரன் எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. லீவு நாளில் வந்து தங்கபாயோடு உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டுப் போவான். நானும் அவர்கள் பக்கத்தில் உட்காரப் பழகினேன். (முழுசாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு குடைகள் வளைந்தன.) என் தூக்கத்தை மலையாளத்தில் பரப்பியவன் அவன்தான். எங்கள் வீட்டில் மத்தியானம் யார் கண்ணயர்ந்தாலும், "எழும்பு, வண்டி போயாச்சு" என்றுதான் இன்றும் எழுப்புவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எந்த வண்டி என்றுகூடத் தெரியாது.

சில வருஷத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில், அந்தக் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர்களைக் கூட்டிப் பாராட்டினார்கள். தங்கபாயை மேடையில் உட்காரவைத்தார்கள். என்னைத் தியாகியின் கணவர் என்று அறிமுகம் செய்து முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். என் மகள் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடித்துத் தூங்கின கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டாள். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், பழக்கம்தானே.

அது அடங்கினதும் தங்கபாய் எழுந்தாள். வயதாகிவிட்டது, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

"இவிய உறங்கினது எல்லாருக்கும் தெரியும். நான் ஜெயிலுக்குப் போனதும் தெரியும். அது எனக்குப் பெரிய காரியமில்ல, சின்னதுலயே பழகின மூச்சாக்கும். ஆனா பிறந்ததுலேருந்து கை ஓங்கியே வளந்த ஒரு மனுஷன், அத்தன பேரு பாத்துச் சிரிச்ச பொறவும், ஓங்கின கைய எறக்கினாரு. அன்னைக்கு அந்த ஸ்டேஷன்ல நடந்ததுல அதுதான் கஷ்டமான காரியம். அத மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குதியோ."

நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

இதற்குப் பிறகாவது பிள்ளைகள் கதையை மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாற்றவில்லை. விருந்தாள் வந்தால் மரச்சீனிக் கிழங்கில் தொடங்கி ஏப்பத்தில் முடிப்பார்கள். கை இறங்கினதில் சிரிக்க ஒன்றும் இல்லையாம். ஆனால் அந்த இடம் நெருங்கும்போது தங்கபாய் அடுக்களையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசல்படிக்கு வந்து நிற்பாள். அந்த ஒரு துண்டை அவள்தான் சொல்வாள்.